ஓடாத படம்

தூத்துக்குடி ஜெபசெல்வி பழைய பாட்டு சிடி, பட டிவிடிகளை இணையத்தில் விற்றுப் பிழைத்தாள். இந்தக் காலத்தில் அவற்றை வாங்குபவர்களே குறைவு. ஒருநாள் சங்கீத சபாத் தலைவர் சங்கரலிங்கம் போனில் அதட்டினார்.

"நீ அனுப்பின படம் ஒரு நிமிஷம்கூட ஓடலை. பத்துப் படம் இலவசமா அனுப்பு. இல்லேன்னா ஒற்றை நட்சத்திரம் போட்டு உன் கடையை மூட வைப்பேன்."

"அந்த டிஸ்கைத் திருப்பி அனுப்புங்கய்யா, பார்க்கிறேன்."

"குப்பையில போட்டுட்டேன்."

ஜெபசெல்வி பணிவாகவே பேசினாள்.

"தப்பு என் மேலதான்யா. அது கிளைமாக்ஸை வெட்டின டிஸ்க். தம்பி சாகிற காட்சியே அதுல இருக்காது."

தலைவருக்குப் பொறுக்கவில்லை. "யாரு சொன்னது? தம்பி செத்தப்ப நானே தேம்பித் தேம்பி அழுதேனே!"

"அழ வைக்கிற அளவுக்கு ஓடியிருக்கு. நட்சத்திரத்தைப் பார்த்துப் போடுங்கய்யா."

தலைவர் இருமிக்கொண்டே போனை வைத்தார். சாயங்காலம் அவள் கடைக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்தது.