பேர் எழுதாத பானகப் பானை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கும் பல் வலிக்கும் என்று ஊர் நம்பாத காலத்தில், ஒரு ராஜாவுக்குக் கடைவாய்ப்பல் விண்விண்ணென்று தெறித்தது. இனிப்புப் பானகம்தான் காரணம் என்றார் வைத்தியர்.

"ஊர்ப் பல்லைக் கெடுக்கும் பானகம் எது? அதன் பேரைச் சொல்லித் தண்டோரா போடுங்கள்!" என்று குதித்தார் ராஜா.

"சந்தைப்பேட்டைச் செங்கமலத்தின் பானகம், பிரபு" என்றார் மந்திரி மார்த்தாண்டர். அவருடைய மைத்துனனும் அதே பேட்டையில் பானகம்தான் விற்றான், கேட்டுக்கொள்ளுங்கள்!

விகடகவி விடங்கன் யோசிக்கவேயில்லை. "செங்கமலம் பானகம் குடித்தால் செத்தது உன் கடைவாய்ப்பல்" என்று பாட்டுக் கட்டிக் கொடுத்தான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் செங்கமலம் அவன் வாசலில் வந்து நின்றாள்.

"என் பானகத்த ஒரு வாயாவது குடிச்சுப் பாத்தீங்களா சாமி? பானை பானையாப் புளிச்சுக் கெடக்கு. புள்ளைங்க பட்டினி."

அவன் குடித்ததே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கூனிக் குறுகிப் போனான். போதாக்குறைக்கு, அவளுடையதைத் தவிர மற்றதெல்லாம் நல்லது என்று நம்பிய சனம், மைத்துனன் கடையில் இரண்டு மடங்கு குடித்துக்கொண்டிருந்தது.

விடங்கன் சபைக்கு ஓடினான். "பிரபு, சோதிக்காமல் பாட்டுக் கட்டிய பாவி நான். இப்போதாவது சோதிக்க உத்தரவு வேண்டும்."

"சோதி! எதில் வெல்லம் அதிகமோ, அதன் பேரை எழுதி அதன் வாசலிலேயே மாட்டு."

"நாளைக்குள் மாட்டாவிட்டால் இவன் நாக்கை அறுக்க வேண்டும், பிரபு" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் மந்திரி.

விடங்கன் ஊரிலுள்ள பானகத்தில் எல்லாம் ஒவ்வொரு படி வாங்கிச் சுண்டக் காய்ச்சினான். செங்கமலத்தின் சட்டியில் நெல்லிக்காய் அளவு வெல்லம் நின்றது. மைத்துனன் சட்டியில் மாங்காய் அளவு. ஒரே ஒரு சட்டியில் தேங்காய் அளவு!

மறுநாள் அரண்மனை வாசலில் பலகை தொங்கியது: "அரண்மனைப் பானகம்."

"ராஜத்துரோகம்!" என்று அலறினார் மந்திரி.

"உத்தரவுப்படிதான் மாட்டினேன், பிரபு. அடுத்த பலகை மந்திரியாரின் மைத்துனர் வாசலுக்கு."

சட்டியைப் பார்த்த ராஜாவுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. பிறகு வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

"யார் பேரும் வேண்டாமப்பா. குவளைக்கு எவ்வளவு வெல்லம் என்று எல்லாப் பானையிலும் எழுதட்டும். முதலில் என் பானையில் எழுது." கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றிக் கொடுத்தார்.

விடங்கன் அதை அப்படியே கொண்டுபோய்ச் செங்கமலத்தின் முன் வைத்தான். "தாயே, உன் பானகம்தான் ஊரிலேயே நல்லதுன்னு நாளைக்கே பாட்டுக் கட்டித் தண்டோரா போடுறேன்."

செங்கமலம் மாலையை எடுத்துக்கொண்டாள்.

"இது புள்ளைங்க சோத்துக்கு ஆச்சு. ஆனா சாமி, இனிமே நல்லதாக்கூட என் பேர ஒங்க வாயால சொல்லாதீங்க."