மூன்று அண்டா ரசம்

மடத்துச் சமையலறைச் சாவி வருடத்துக்கு ஒருமுறை கைமாறும். இந்த வருடம் யார் கையில் என்று இருபத்தொரு அடியார்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட்டுச் சொன்னார்கள். வைரவனுக்கு ஒன்பது, குமரவேளுக்கு ஏழு, மெய்யப்பனுக்கு ஐந்து.

வைரவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடம் காய் நறுக்கியதெல்லாம் இந்தச் சாவிக்காகத்தான்.

"சாமி, பெரும்பாலானவங்க என்னைத்தான் கேக்குறாங்க."

"பன்னிரண்டு பேர் கேக்கலையே?"

"அவங்க ரெண்டாப் பிரிஞ்சுட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்ய?"

சுவாமிகள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். வைரவன் அதை இடுப்பில் முடிந்துகொண்டான்.

"இன்னிக்கு மூணு பேரும் ரசம் வைங்க" என்றார் சுவாமிகள்.

மதியம் மூன்று அண்டாக்கள் இறங்கின. வைரவன் ரசத்தில் மிளகு ஆளைத் தூக்கும். குமரவேள் உப்பைப் பயந்து பயந்து போடுகிறவன். மெய்யப்பன் வைத்தது ரசம், அவ்வளவுதான்.

அடியார்கள் தம்ளரோடு அவரவருக்குப் பிடித்த அண்டா முன்னால் நின்றார்கள். வைரவனிடம் அதே ஒன்பது பேர்.

சுவாமிகள் மெய்யப்பன் அண்டாவைத் தட்டால் மூடினார். அங்கிருந்த ஐந்து பேரும் குமரவேளிடம் போனார்கள்.

"ஏன் என்கிட்ட வரலை?" என்றான் வைரவன்.

"உப்பு குறைஞ்சா போட்டுக்கலாம். மிளகு ஏறினா எடுக்க முடியாதேப்பா" என்றார் ஒரு அடியார்.

"அப்போ குமரவேள்தானா சாமி?"

சுவாமிகள் அந்தத் தட்டை எடுத்துக் குமரவேள் அண்டாவை மூடினார். ஐந்து பேர் மெய்யப்பனிடம் திரும்பினார்கள். குமரவேளின் ஏழு பேரும் அவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். மறுபடி பன்னிரண்டு.

"இப்போ உன்னோடதை மூடு."

வைரவன் அந்தத் தட்டை எடுத்துத் தன் அண்டாவைத் தானே மூடினான். குமரவேளின் ஏழு பேர் தங்கள் அண்டாவுக்குத் திரும்பினார்கள். வைரவனுடைய ஒன்பது பேரும் கொஞ்சம்கூட யோசிக்காமல் மெய்யப்பனிடம் போனார்கள். அங்கே இப்போது பதினான்கு பேர். வைரவனுக்குச் சுரீரென்றது.

"அப்போ எனக்கு விழுந்த ஒன்பதும் பொய்யா சாமி?"

"பொய்யில்லை. நீ இல்லேன்னா யாருன்னு அவங்களை யாரும் கேக்கலை."

சுவாமிகள் ஒரு தம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"உன் அண்டாவும் மூடியாச்சு. நீ எங்க நிப்பே?"

வைரவன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து ஒரு கையில் பிடித்தான். மறு கையில் தம்ளரோடு, மெய்யப்பன் வரிசையில் பதினைந்தாவது ஆளாகப் போய் நின்றான்.