வஞ்சிரத்துக்கு ஓய்வு கேட்ட மீன்காரி

முன்னொரு காலத்தில் முத்தலைத்துறை நாட்டை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டதைவிடத் தின்றது அதிகம். அதுவும் வஞ்சிரம் மட்டும்தான். ராஜா தின்பதைத்தானே ஊரும் தின்னும்? வலையில் விழுந்த சூடையும் சங்கராவும் காரப்பொடியும் தென்னைக்கு உரமாகப் போயின. முழ நீளம் வந்த வஞ்சிரமோ சாணாகச் சுருங்கியது. ஒருநாள் அரண்மனைத் தட்டுக்கு விரல் நீளக் குஞ்சுதான் வந்து சேர்ந்தது.

"நல்ல மீனை மீனவக் குப்பத்தார் ஒளிக்கிறார்கள், பிரபு" என்று பற்றவைத்தார் சபையின் செல்லப்பிள்ளை வித்தகசேகரர். "மூன்று நாளில் முழ மீன் வராவிட்டால் அவர்கள் வலைகளைக் கொளுத்திவிடலாம்."

ராஜா தலையாட்டினார்.

சேதி கேட்ட மீன்காரி சடைச்சிக்குச் சுர்ரென்று ஏறியது. பேரத்தில் அவளை வென்றவர் இல்லை; கோபத்தால் அவளே கெடுத்துக்கொண்ட பேரங்கள்தான் ஏராளம். வழியெல்லாம் ராஜாவை வைதுகொண்டே வந்தவள் அரண்மனை வாசலில் நின்றுவிட்டாள். 'ராஜா தின்கிற மீன், வாங்கிக்கோ' என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கூவியது யார்? அவளேதான். சங்கரா கேட்டு வந்தவர்களை ஏளனம் பேசி விரட்டியதும் அவளேதான். வசவில் பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"முழ மீன் எங்கே?" என்றார் ராஜா.

"அதைப் பேசத்தான் வந்தேன் சாமி. கெடு மூணு நாள்தானே? உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இந்த ஐயா. அந்த மூணு நாளும் பாட்டு, விசிறி, கால் பிடிக்கிறது எல்லாம் இவரே பார்க்கட்டும். மத்தவங்க சும்மா இருக்கட்டும்."

வித்தகசேகரருக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னை விட்டால் யாரால் முடியும்?" என்றார்.

முதல் நாள் பாட்டில் சுதி தப்பியது. இரண்டாம் நாள் விசிறி ராஜாவின் மூக்கில் விழுந்தது. மூன்றாம் நாள் கால் பிடித்தபடியே ராஜாவின் மடியில் சாய்ந்து குறட்டை விட்டார்.

"பாவம், படுக்கட்டும். மற்றவர்களைக் கூப்பிடுங்கள்" என்றார் ராஜா. "ஒரே ஆள் எவ்வளவுதான் தாங்குவான்?"

"வஞ்சிரமும் அதையேதான் கேக்குது, சாமி" என்றாள், கெடு முடிந்ததென்று வந்து நின்ற சடைச்சி. "அது வளர்ந்து முட்டை போடறதுக்குள்ள பிடிச்சுத் தின்னுடறோம். அதுவும் கொஞ்ச நாள் ஓயட்டும். மத்த மீனைக் கூப்பிடுங்க."

ராஜா தன் தொந்தியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எந்தப் படையாலும் காலி செய்ய முடியாத கடலை இது ஒன்றே காலி செய்துவிட்டதே."

வலைகள் தப்பின. சடைச்சிக்கு முத்துமாலை கிடைத்தது. விழித்தெழுந்த வித்தகசேகரருக்குக் கடற்கரையில் ஒரு மாதம் காரப்பொடி கூவி விற்கும் வேலை கிடைத்தது.

"சரி, சங்கரா எப்படி இருக்கும்?" என்று கேட்டார் ராஜா.

பெயர்தான் மீன்காரி, வஞ்சிரத்து வால்துண்டைத் தவிர வேறெதுவும் சடைச்சி வாயில் பட்டதில்லை.

"தெரியாது சாமி. நாளைக்குக் குழம்பு வைக்கச் சொல்லுங்க. எனக்கும் ஒரு இலை போடுங்க."