வெள்ளச்சி பங்கு வைத்த மருந்து

அந்தக் காலத்தில் பூஞ்சணமும் பேசும், நெஞ்சுக்குள் குடியேறிய சளிக்கிருமியும் பேசும். மார்பில் காதை வைத்தால் போதும், அது உள்ளே உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது கேட்கும்.

அப்போது ஒரு மலைச்சரிவில் பதினோரு குடிசைகள் இருந்தன. தேன் எடுத்துப் பிழைக்கிற சனங்கள். தேனடையோ கிழங்கோ, ஒரு வீட்டில் தேவைக்கு மேல் இருந்தால் மற்ற வீடுகளுக்குப் பங்கு போய்விட வேண்டும். ஒளித்து வைத்தவளோடு யாரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

அங்கே வெள்ளச்சி என்றொருத்தி. புருஷன் தேன் எடுக்கப் போன பாறையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்கென்று மிஞ்சியது ஐந்து வயது மகள் பூவி மட்டும்தான். ஒரு மழைக்காலத்தில் பூவிக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கஷாயம் கொடுத்தாள், ஒத்தடம் கொடுத்தாள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. வெள்ளச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காட்டில் அழுகிக் கிடந்த பலாப்பழத்தின் மேல் பச்சைப் பூஞ்சணம் ஒன்று படர்ந்திருந்தது. கிருமிக்கும் அதற்கும் ஆதியிலிருந்தே ஆகாது. வெள்ளச்சி அழுவதைக் கேட்டு மனமிளகி, தன் சாற்றை ஒரு மூங்கில் குழாயில் நிரப்பிக் கொடுத்தது.

“ஏழு நாள் மருந்து இது, தாயே. மூன்றாம் நாளே பிள்ளை எழுந்து ஓடும். அதை நம்பி நிறுத்திவிடாதே. அதற்குமேலும் சாகாமல் கிடப்பதுதான் எமகாதகக் கிருமி. கடைசி நாலு நாள் மருந்து அதற்குத்தான்” என்றது.

சொன்னபடியே மூன்றாம் நாள் பூவி எழுந்து, பசிக்கிறது என்று அடம்பிடித்தாள். வெள்ளச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாயில் பாதிக்கு மேல் மருந்து மிச்சம். வெளியே வந்தால் நாலு வீட்டில் பிள்ளைகள் லொக்கு லொக்கென்று இருமுகின்றன. நம் பிள்ளைதான் தேறிவிட்டதே, இனி இதை வைத்திருந்தால் அது திருட்டுக்குச் சமம் என்று நினைத்தாள். வீட்டுக்கு ஒரு நாள் மருந்தாக ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கும் இருமல் அடங்கியது. ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து வீட்டிலும் மறுபடி இருமல். பூவிக்கு முன்னைவிட மோசம், உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. வெள்ளச்சி பூஞ்சணத்திடம் ஓடிப்போய்ப் புதுக் குழாய் மருந்து வாங்கி வந்தாள். இந்த முறை யாருக்கும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. மூன்று நாளாயிற்று, நாலு நாளாயிற்று, காய்ச்சல் இம்மிகூட இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மகளின் மார்பில் காதை வைத்து, இன்னுமா நீங்கள் சாகவில்லை என்று கேட்டாள்.

உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

“போன தடவை நாங்கள் நாலைந்து பேர் சாகாமல் தப்பித்தோம், ஆத்தா. மருந்து எங்கே அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். தப்பிக்கும் வழியைப் பிள்ளைகுட்டிகளுக்குச் சொல்லிவைத்தோம். பக்கத்து வீட்டு நெஞ்சுகளில் இருந்தவர்களுக்கும் கொடுத்தனுப்பினோம். உங்கள் ஊரில் இருந்துகொண்டு எங்களுக்குப் பங்கு வைக்கத் தெரியாதா?”

வெள்ளச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேயறைந்தவள் போல அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, தன் பிள்ளையின் எமனைத் தன் கையாலேயே வளர்த்துவிட்டாளே! பூஞ்சணத்திடம் போய் விழுந்தாள். அதுவோ, தன்னிடம் இருப்பது இந்த ஒரு சாறுதான், வேறு இல்லை என்றது.

ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. ஆறாம் நாளும் கொடுத்தாள். ஏழாம் நாள் காலையில் குழாயைச் சாய்த்தபோது, குடிக்கப் பூவி இல்லை.

அன்று முதல்தான் நெஞ்சில் புகும் கிருமிகளில் சில, முன்பு தங்களைக் கொன்ற மருந்துக்கும் சாகாமல் உயிரோடு இருக்கின்றன. எந்தப் பிள்ளையின் நெஞ்சில் அவை இருக்கின்றன என்று, மருந்து ஊட்டும் தாய்க்கு முன்கூட்டித் தெரிவதில்லை.