தொட்டியில் நட்ட தோட்டக்காரி

மேகமே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் கிளம்பும் என்று பெயரெடுத்த குளிர்மாபுரியை ஒரு காலத்தில் மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மதியம் அதை மறந்துவிட்டு, மறந்ததற்கு யாரையாவது சிறையில் போடுவான்.

அவனுடைய அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் பொன்னுருவி. மலையிலிருந்து பெரணிச் செடிகளைக் கூடையில் சுமந்து வந்து, வாயில்காவலனிடம் பேரம் பேசி, கடைசியில் ராஜாவிடமே மல்லுக்கட்டி அந்த வேலையை வாங்கியவள். அதைத் தன் மைத்துனனுக்கென்று குறித்து வைத்திருந்த அமைச்சர் சொக்கேசனாருக்கு அவளைக் கண்டாலே வயிறு எரியும்.

ஒருமுறை பொன்னுருவி மக்கிய இலை அள்ள மலைக்குப் போயிருந்த நேரம், ராஜா தோட்டத்தில் உலாவினான். பெரணித் தொட்டிகளில் இளங்குருத்துகள் சுருண்டு, முஷ்டி மடக்கிய கை மாதிரி நின்றன.

"யாரைப் பார்த்து இதுகள் கையை ஓங்குகின்றன?"

"தங்களைத்தான் பிரபு," என்றார் சொக்கேசனார். "மலைக்காரி கொண்டுவந்த சரக்கு. உள்ளே என்ன ஒளித்திருக்கிறதோ! விரித்துப் பார்த்துவிடுவது நல்லது."

கவசமும் கேடயமுமாக நாற்பது வீரர்கள் வந்து, ஆளுக்கொரு குருத்தைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார்கள். அப்படியும் அமைச்சருக்குக் கை அரித்தது. அரண்மனை நாவிதரை ஏணியில் ஏற்றிக் கமுக மரங்களுக்கும் முடிவெட்டச் சொன்னார். பச்சை மட்டையெல்லாம் போய், மரங்கள் நட்டுவைத்த உலக்கை மாதிரி நின்றன.

மூன்றாம் நாள் பொன்னுருவி திரும்பியபோது குருத்தெல்லாம் கழுத்து முறிந்து கறுத்துக் கிடந்தது. சுவரோரம் ஒளிந்திருந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. கூடையை வீசிவிட்டு நேராகச் சபைக்குப் போனாள்.

"எந்தப் புண்ணியவான் வேலை இது? பச்சை மட்டைதான் மரத்துக்குச் சோறாக்கிப் போடுது. அடுப்பை இடிச்சுட்டு, மரம் ஏன் வாடுதுன்னு கேப்பீங்களா?"

"சொத்தைச் செடியைத் தலையில் கட்டிவிட்டுப் பேசுகிற பேச்சைப் பாருங்கள் பிரபு!" என்றார் சொக்கேசனார்.

ராஜா சிம்மாசனத்தில் துள்ளினான். "பெரிய தொட்டி ஒன்று காலியாகத்தானே இருக்கிறது? இவளைக் கழுத்து வரைக்கும் அதில் நட்டுவையுங்கள். துளிர் விட்டால் வெளியே எடுக்கலாம்!"

சபை கைதட்டியது. மனுஷி துளிர்ப்பதாவது! தொட்டியிலேயே காய்ந்து சாக வேண்டியதுதான் என்று பொன்னுருவிக்கு விளங்கிவிட்டது. ஆனால் முதலில் சொன்ன விலைக்கு அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

"கழுத்தெல்லாம் முடியாது ராசா. முழங்கால்."

"மார்பு வரை!"

"இடுப்பு. கை ரெண்டும் வெளியே. தொட்டி சுவரோர நிழல்ல, அந்தத் தப்பிச்ச குருத்துக்குப் பக்கத்துல. நட்டதுக்கப்புறம் நான் ராசா வீட்டுச் செடி. என்னை ஒடிச்சா என்ன தண்டனை?"

"என் செடியை ஒடிப்பவன் எவனானாலும் கசையடி!" என்று ராஜா தொடையைத் தட்டினான். பேரத்தில் ஜெயித்ததாக அவனுக்கு நினைப்பு.

மறுநாள் காலை, இடுப்பளவு மண்ணில் நின்ற பொன்னுருவி வலது கையைத் தூக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டாள். ராஜா ஓடி வந்தான்.

"கைக்குள் என்ன?"

"குருத்து விட்டிருக்கு போல ராசா. விரிஞ்சாத்தான் தெரியும். வேளாவேளைக்குக் கஞ்சி, நிழல், காத்துல ஈரம் இருந்தா ஏழு நாள்."

ராஜாவுக்கு ஏழு நாழிகைகூடப் பொறுக்காது. "சொக்கேசனாரே, விரிப்பதில் நீர்தான் கெட்டிக்காரர். விரித்துப் பாரும்!"

அமைச்சர் அவள் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தார். பொன்னுருவி போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் அடுத்த நாட்டுக்கே போய்விட்டன.

"ஐயோ, ராசா வீட்டுச் செடி ஒடியுதே! கசையை எடுத்துட்டு வாங்க!"

அமைச்சர் தணலைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

வேறு வழியில்லாமல் ராஜா சிம்மாசனத்தைத் தோட்டத்துக்குத் தூக்கிவரச் சொன்னான். பன்னீர்ச்செம்பில் தண்ணீர் நிரப்பி அவனே தெளித்தான். அவனே கஞ்சி ஊட்டினான். பார்க்க வந்த இரண்டு தூதர்கள் கையிலும் ஆளுக்கொரு செம்பைக் கொடுத்தான். ஐந்தாம் நாள், பக்கத்துப் பெரணியின் முற்றிய இலைக்குப் பின்னால் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து அலறினான். "அம்மை! செடிக்கு அம்மை போட்டிருக்கிறது!"

"அம்மையில்ல ராசா, அது விதைத்தூள் மாதிரி. பெரணிக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது. வம்சமே இலைக்குப் பின்னாலதான்."

ஏழாம் நாள் காலை. ராஜா தெளித்த தண்ணீரில் சுவரோரக் குருத்து சுருள் பிரிந்து, முழ நீளத்துக்குப் பச்சைப்பசேலென்று விரிந்திருந்தது. ராஜா அதற்கு மேலும் கீழும் குனிந்து தேடினான்.

"கத்தி கித்தி ஒன்றையும் காணோமே?"

"இலைதான் ராசா. அதைத்தான் சுருட்டி வெச்சிருந்துச்சு. நாம இழுத்தா ஒடியும், அதுவா விரிஞ்சாத்தான் இலை."

"உன் கையில்?"

பொன்னுருவி முஷ்டியைத் திறந்தாள். நகம் பதிந்த தடம் மட்டும் இருந்தது.

"மோசடி! துளிரே விடவில்லை!" என்று குதித்தார் சொக்கேசனார்.

ஏழு நாள் குனிந்து குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்ட ராஜா அவரை முறைத்தான். "துளிர் விடவில்லையா? நான் தண்ணீர் தெளித்து வளர்த்த துளிர் இதோ நிற்கிறது, கண் தெரியவில்லையா உமக்கு? நாற்பது குருத்தை ஒடித்தீரே, ஒன்றையாவது வளர்த்தீரா? பொன்னுருவி, வெளியே வா!"

"மாட்டேன்."

"என்னது!"

"முதல்ல பேசி முடிச்சுக்குவோம். இனி என்னைக் கேக்காம எவனும் ஒரு மட்டையைத் தொடக்கூடாது. கமுகுல உச்சிக்குருத்து மிச்சமிருக்கு, பொழைச்சுக்கும். காய்ஞ்ச மட்டை தானா விழும், பொறுக்கினாப் போதும். நாவிதர் மனுஷத் தலையோட நிறுத்திக்கட்டும்."

"சம்மதம். அமைச்சருக்கு நாற்பது கசையடி, சரிதானே?"

"அடிச்சு எனக்கென்ன லாபம்? கமுக மட்டைதான் பெரணிக்கு நிழல். புது மட்டை வர்ற வரைக்கும், வெட்டச் சொன்னவரே வந்து நிக்கட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. பொன்னுருவி மண்ணை உதறிக்கொண்டு தொட்டியை விட்டு இறங்கினாள்.

அன்றிலிருந்து உச்சிவெயிலில், பெரிய ஓலைக்குடையோடு தொட்டிகளுக்கு நடுவே சொக்கேசனார் நின்றார். "இன்னும் ஒரு அடி தள்ளி நில்லுங்க அமைச்சரே, ஓரத்துத் தொட்டியில வெயில் அடிக்குது," என்று பொன்னுருவி குரல் கொடுப்பாள். அவரும் தள்ளி நிற்பார். பெரணிகள் செழித்து வளர்ந்தன. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் அந்த நாட்டுக்குச் செய்த உருப்படியான காரியம் அந்த நிழல் ஒன்றுதான்.