வாசலில் கால் கழுவும் சத்தம்

சொர்ணவல்லியம்மையின் உரைக்கூடத்தில் தலை நரைத்த மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் திருமேனி. அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊர் ஊராகச் சபையேறி வாதம் செய்து வென்ற புலவர். இங்கேயும் வாதம் செய்யத்தான் வந்தார். அம்மை ஒரு சிறு பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் திருமேனி அழுதுவிட்டார். மறுநாளே மூட்டை முடிச்சோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். தோற்ற இடத்திலேயே பாயைப் போட்ட புலவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பாட்டு இதுதான்:

மழை விட்ட பின்னும்
கூரை நுனி சொட்டுகிறது.
விளக்கை அணைக்காதே தோழி,
வாசலில் யாரோ
கால் கழுவுகிறார்கள்.

அதற்கு மூன்று பழைய உரைகள் இருந்தன. எல்லோருக்கும் மூத்த உரைகாரர், பிரிந்துபோன கணவன் திரும்பி வந்துவிட்டான் என்றார். கோயில்கள் எழுந்த காலத்தில் வந்தவர், வாசலில் நிற்பது இறைவன், காத்திருப்பது உயிர் என்றார். அதற்கும் பின்னால் வந்தவர் காதலையும் கடவுளையும் விட்டுவிட்டு, கண் சொக்க விளக்கைக் காத்து நிற்கும் அந்தத் தோழியைப் பற்றி மட்டுமே எழுதினார். அவளைப் போய்த் தூங்கு என்று சொல்ல ஒருவரும் இல்லையே என்று கேட்டார்.

நான்காவது, அம்மையின் உரை. வாசலில் யாருமே இல்லை. கூரை சொட்டுவதுதான் அவளுக்குக் கால் கழுவும் சத்தமாகக் கேட்கிறது. திருமேனியை அழவைத்தது இதுதான்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது உரையைச் சபை ஏற்றுக்கொண்டால் ஏட்டில் அது முன்னால் வரும். பழையது பின்னால் போகும். அதன் கடைசியில் ‘என்பாரும் உளர்’ என்று ஒரு வரி சேரும். இப்படிச் சொல்பவர்களும் உண்டு என்று பொருள். எதையும் அழிப்பதில்லை. ஆனாலும் பின்னால் போவது பின்னால் போவதுதானே.

அந்த வருடம் அந்தப் பாட்டுக்கு உரை எழுதும் முறை திருமேனிக்கு வந்தது. சபை கூடுவதற்கு முந்தின நாள் மாலை, எழுதியதை எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார்.

அம்மை படித்துவிட்டுச் சிரித்தார்.

“இது என் உரையாச்சே. சொல்லை மட்டும் மாத்திப் போட்டிருக்கீங்க.”

“இதுக்கு மேல சொல்ல என்னம்மா இருக்கு?”

“ஒரு வாரமா எதையோ முணுமுணுத்துக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அது இது இல்லையே?”

திருமேனி தரையைப் பார்த்தார்.

“பழைய மூணு பேரை மறுக்கச் சொல்லுங்க, மறுத்துடறேன். அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்க கண்ணு முன்னால இருக்கீங்க. உங்க உரையைக் கேட்டுத்தான் நான் இங்க வந்தேன். அதை நானே பின்னால தள்ளவா?”

“தள்றதை அப்புறம் பார்ப்போம். முதல்ல சொல்லுங்க.”

“வாசல்ல ஆள் இருக்கும்மா. ஆனா கணவன் இல்ல, கடவுளும் இல்ல. அவனா இருந்தா அவளுக்குத் தெரியாதா? யாரோன்னுதானே சொல்றா. யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக விளக்கை வைக்கச் சொல்றா.”

அம்மை கண்ணை மூடிக்கொண்டு பாட்டை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“எப்படித் தோணிச்சு இது?”

“போன மழையில ஒரு வழிப்போக்கர் நனைஞ்சு வந்து வாசல்ல கால் கழுவினாரே. நீங்க சாப்பாட்டுல இருந்தீங்க. யாரு என்னன்னு கேக்கல. எச்சில் கையோட எழுந்து, இடது கையில விளக்கைத் தூக்கிட்டுப் போனீங்க. எனக்கு அப்பதான் பாட்டு புரிஞ்சது.” திருமேனி தலை நிமிர்ந்தார். “உங்க உரையை நான் மறுக்கலம்மா. நீங்களே மறுத்துட்டீங்க.”

அம்மை, அவர் எழுதி வந்ததை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, “நாளைக்கு இதையே படிங்க” என்றார்.

மறுநாள் திருமேனி படித்தார். எத்தனையோ சபைகளை வென்றவர், வரிக்கு வரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்து முடித்ததும் ஏகாம்பரம் எழுந்தார். அம்மையின் உரையைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பரப்பிய பெரியவர் அவர். முகம் சிவந்திருந்தது.

“அம்மா, எத்தனை பேரை அழவச்ச உரை அது! சோறு போட்ட கூடத்துலயே உட்கார்ந்துக்கிட்டு அதைப் பின்னால தள்றார் இவர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்தப் பேச்சை இங்கயே முடிச்சிடலாம்.”

சபை அம்மையைப் பார்த்தது. திருமேனி யாரையும் பார்க்கவில்லை.

அம்மை எழுத்தாணியை எடுத்தார். தம் உரையின் கடைசியில் ‘என்பாரும் உளர்’ என்று தாமே எழுதினார். உயிரோடு இருக்கும்போது தம் உரைக்கு அந்த வரியைத் தம் கையால் எழுதியவர் அந்தக் கூடத்தில் அதற்கு முன் யாரும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை குவிகிறது.

ஏட்டைத் திருமேனியின் கையில் கொடுத்துவிட்டு அம்மை திரும்பினார்.

“வாசல்ல யாரோ கால் கழுவுறாங்க, ஏகாம்பரம் ஐயா. நான் விளக்கை அணைச்சிடவா?”