வார்னிஷ் பூசிய வண்டி

"எவ்வளவு இறுக்கினாலும் பயம் போக மாட்டேங்குதுங்க மாஸ்டர்."

கோகிலவாணி வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே துணிப்பையிலிருந்து வண்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்தாள்.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளை நினைக்க வேண்டாம். ரெஹானா. கோகிலவாணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். போத்தனூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், மண்ணைக் குவித்து மேடும் பள்ளமும் வளைவுமாக, ரிமோட் வண்டிகளுக்கு ஒரு பந்தயப் பாதை போட்டிருந்தாள். பேச்சு குறைவு. கேட்டவருக்குப் பதில் சொல்ல மாட்டாள், எதையாவது செய்து காட்டுவாள்.

அந்த மாதிரி வண்டிக்கு அங்கே எல்லாரும் சொல்கிற இங்கிலீஷ் பேர் பக்கி. முதல் நாள் வந்தபோது, "ஏய், அந்தப் பக்கியத் தூக்கு" என்று யாரோ கத்த, யாரை இப்படித் திட்டுகிறார்கள் என்று கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். இப்போது அவள் கையாலேயே ஒரு பக்கி செய்தாகிவிட்டது.

மேலே பார்த்தால் அந்தக் காலத்து வண்டி. பின்னால் குண்டுச் சக்கரம், முன்னால் ஒல்லிச் சக்கரம், சிவப்புக் கூடு, உள்ளே ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மைத் தலை. அடித்தட்டும் பல்சக்கரப் பெட்டியும் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தவை. உள்ளே மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் புதுசு. பழைய ஏரியல் குழாய்கூட நெட்டுக்குத்தாக நின்றது. அதற்குள் கம்பி கிடையாது. சும்மா அழகுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பழைய மாடல் பந்தயம். ஓட்டப்போவது மகள் மேகலா. செய்தது அம்மா.

ரெஹானா வண்டியை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

"சத்தமே வரலையேக்கா."

"வராதுங்க. ஒரு ஆட்டம் இல்லாம இறுக்கியிருக்கறேன்." கோகிலவாணி குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ரெஹானா வண்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள்.

கையை விட்டாள்.

"அய்யோ மாஸ்டர்!"

வண்டி தரையில் 'தட்'டென்று அடித்தது. எகிறியது. ஒரு குட்டிக்கரணம் போட்டு மல்லாந்து விழுந்தது.

"உடைஞ்சுதாக்கா?"

கோகிலவாணி குனிந்து வாரி எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். "இல்லீங்க."

"அப்புறம் ஏன் கத்துனீங்க?"

கோகிலவாணி வண்டியை அவளிடமே நீட்டினாள்.

"குதிக்குது," என்றாள் ரெஹானா. "விழுந்தா உக்காரணும். இது குதிக்குது."

வண்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்குகிற நாலு கை உண்டு. மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவது அந்தக் கைகள்தான். ரெஹானா ஒரு கையை விரலால் தூக்கிவிட்டாள். அது தூக்கின இடத்திலேயே நின்றது. நகத்தால் சுரண்டினாள். என்னவோ பளபளவென்று உரிந்து வந்தது.

முகர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"வார்னிஷ்ங்க."

"எங்க ஊத்துனீங்க?"

"ஆடற இடம் எல்லாத்துலயும்."

ரெஹானாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கோகிலவாணிக்குத் தொழில் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது. கணபதியில், வீட்டு முன்னறையிலேயே பம்பு மோட்டாருக்குச் சுற்றிக் கொடுப்பாள். அந்தத் தொழிலில் ஆட்டம் ஆகாது. கம்பி ஆடினால் உரசும், உரசினால் எரியும். நூலைப் போட்டு வரிந்து கட்டி, வார்னிஷை ஊற்றி, சுட்டுக் கல்லாக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"சிரிக்காதீங்க மாஸ்டர். நான் சுத்துன மோட்டார் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. கேட்டுப் பாருங்க."

"பம்பு மோட்டார் எங்கக்கா இருக்கும்?"

"கிணத்துல."

"எங்கயாச்சும் போகுமா?"

"அது எங்கீங்க போகுது."

ரெஹானா வண்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான்.

கோகிலவாணி கிளம்பவில்லை. முந்தானையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

"இன்னும் என்னக்கா?"

"பூனாங்க."

"பூனாவுல என்ன?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மேகலா பாலிடெக்னிக் முடித்துவிட்டாள். பூனாவில் கார் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். அவள் அப்பா, "போகட்டும் விடு" என்று ஒரே பேச்சில் முடித்துக்கொண்டார். கோகிலவாணியால் முடியவில்லை. பாஷை தெரியாத ஊர். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். நாலு தெரு தள்ளிக் கடைக்குப் போனாலே, "போய்ச் சேர்ந்துட்டியா கண்ணு" என்று போன் போடுகிறவள் அவள்.

ஒருநாள் சோறு போடும்போது வாய்த்தகராறு முற்றிவிட்டது. "ஒரு பொம்மை வண்டிய உடைக்காம ஓட்டத் தெரியல. நீ பூனாவுல பொழைக்கறயா? ஞாயித்துக்கெழமை அதை முழுசா ஓட்டி உடையாமக் கொண்டுவா. அப்புறம் அனுப்பறேன்," என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள்.

மேகலா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வாக்கு மாறக் கூடாது," என்று சாப்பிட்ட கையோடு அம்மா உள்ளங்கையில் அடித்துவிட்டாள்.

ரெஹானா எல்லாவற்றையும் கேட்டாள்.

"உடைஞ்சிருமோன்னு பயமாக்கா?"

"ஆமாங்க."

"உடையாம வந்துருமோன்னு இல்லையே?"

கோகிலவாணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் தின்னரைத் தொட்டுத் தொட்டு வார்னிஷைக் கரைத்தாள். கைகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. தூக்கிவிட்டால் தானாகக் கீழே விழுந்தன. அதிர்வு தாங்குகிற ஷாக் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினாள். சக்கரத்து நட்டுகளை முழுக்க இறுக்கி, பிறகு ஒரு துளி திருப்பிவிட்டாள். விரலால் சுண்டினால் சக்கரம் அதுபாட்டுக்குச் சுற்றியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

மேகலா எட்டிப் பார்த்தாள். "பரவால்லம்மா. இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு. நேத்து வரைக்கும் கோட்டை கட்டுறன்னு நெனச்சேன்."

"வாயக் குறை. பூனாவுல சப்பாத்திதான் கெடைக்கும், தெரியுமில்ல?"

"அப்ப அனுப்பறேன்னு சொல்ற."

"நான் எங்கடி சொன்னேன்?"

மேகலா சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது பல்சக்கரம் ஒன்றுதான். மோட்டாரின் வேகத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெரிய பல்சக்கரம். அவள் உள்ளங்கையில் இரண்டு இருந்தன.

ஒன்று, பெட்டியோடு வந்த பழசு. வெள்ளையாக இருந்தது மஞ்சள் பூத்துப் போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பல்லின் அடியில் மயிரிழை விரிசல்.

மற்றது புதுசு. கறுப்பு. மாற்றிப் போடச் சொல்லி ரெஹானா முன்பே கொடுத்தது.

இன்றைய மோட்டார் இழுக்கிற இழுவைக்கு அந்தப் பழசு தாங்காது. பந்தயம் பாதி ஆவதற்குள் பல் தெறித்துவிடும். மோட்டார் தெரிந்தவளுக்கு இது தெரியாதா?

வண்டி நின்றுவிடும். யாரும் மேகலாவைக் குறை சொல்ல மாட்டார்கள். அம்மாவையும் சொல்ல மாட்டார்கள். பழைய மாடல் பந்தயம்தானே, பழசைப் போட்டாள், போய்விட்டது.

கோகிலவாணி பழசைப் போட்டு மூடினாள்.

மூடின திருகாணியை இன்னொரு தடவை இறுக்கினாள். கறுப்புச் சக்கரத்தைச் சாமான் பெட்டியில் போடப் போனாள். மனசு வரவில்லை. முந்தானை ஓரத்தில் முடிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. சுற்றின காயிலில் சுற்றுக் கணக்குத் தப்பியது. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். மேகலா வந்து, "வண்டி ரெடியாம்மா?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, "தள்ளிப் போ, வேர்க்குது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைதானம் முழுக்கப் பழைய பக்கிகள். மஞ்சள், நீலம், வெள்ளை. ஏரியல் குழாய்களின் நுனியில் கலர் ரிப்பன்கள்.

மேகலா ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாதையை நடந்து பார்த்துவிட்டு வரப் போனாள். வளைவுக்கு வளைவு நின்று குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கோகிலவாணி வண்டியை ரெஹானாவிடம் கொடுத்தாள்.

ரெஹானா நாலு கைகளையும் தூக்கிவிட்டாள். நாலும் விழுந்தன.

சக்கரங்களைச் சுண்டினாள். சுற்றின.

பின்சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். காதைக் கொடுத்தாள்.

டிக்.

இன்னும் திருப்பினாள்.

டிக்.

"கேக்குதாக்கா?"

கோகிலவாணி வேறு பக்கம் பார்த்தாள். "இந்தச் சத்தத்துல என்னங்க கேக்குது."

"சரி."

ரெஹானா பின்சக்கரத்தை விட்டாள். வண்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க போடுங்க."

"நானுங்களா?"

"இடுப்பு உயரத்துல பிடிங்க."

பிடித்தாள்.

"விடுங்க."

விரல் விரியவில்லை. பிடி இறுகியது. பொம்மைத் தலை கூட்டுக்குள் இருந்தபடி அவளையே பார்த்தது. தூரத்தில் மேகலா கடைசி மேட்டில் ஏறி நின்று யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா."

"என்னங்க மாஸ்டர்." கோகிலவாணி வண்டியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "ஆளாளுக்கு விடு விடுங்கறீங்க. கைவிடச் சொல்றீங்களா?"

"கைவிடச் சொல்லல," என்றாள் ரெஹானா. "கையை விடச் சொன்னேன்."

மைக்கில் யாரோ பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கோகிலவாணி வண்டியைக் கீழே போடவில்லை. மேசைமேல் வைத்தாள்.

"ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

ரெஹானா கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் பல்சக்கரத்தை எடுத்தாள். முந்தானை முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். கறுப்புச் சக்கரத்தை உட்கார வைத்து மூடினாள். இறுக்கினாள். ஒரு துளியும் கூடுதலாக இறுக்கவில்லை.

பின்சக்கரத்தைத் திருப்பினாள். சத்தமில்லை.

வண்டியைத் தூக்கினாள். இடுப்பு உயரம். இன்னும் கொஞ்சம் மேலே, மார்பு உயரம்.

கையை விட்டாள்.

பொத்.

நாலு கைகளும் ஒருசேர விரிந்து வாங்கிக்கொண்டன. வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து, அடைக்கோழி மாதிரி மண்ணில் உட்கார்ந்தது.

"அம்மா!" மேகலா ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "என்னம்மா பண்ற! பேர் கூப்பிடற நேரத்துல கீழ போடறே! உடைஞ்சிருந்தா?"

கோகிலவாணி வண்டியை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, மகள் கையில் கொடுத்தாள்.

"உடைஞ்சா மாத்திக்கறது. இதுக்கு ஸ்பேர் பூனாவுல எங்க கெடைக்கும்னு கேட்டு வெச்சயா?"